ஆறாம் நாள் மாத்திரை

கோழியைப் பற்றி என் அப்பாவுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் சூப்பர்வைசர். கூண்டு வரிசையில் ஒரு நடை போய்வந்தாரென்றால், எது தீவனம் எடுக்கவில்லை, எது நாளைக்குச் சோர்ந்து உட்காரும் என்று சொல்லிவிடுவார். உடனே தண்ணீர்த் தொட்டியில் மருந்து கலக்கச் சொல்வார். கணக்காக அஞ்சு நாள். ஆறாம் நாள் வெறும் தண்ணீர். கோழிகளும் அவர் சொல் தட்டாமல் தேறிவிடும். பண்ணை முதலாளியே அவரை 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பெருமை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தலைக்கேறியிருந்தது. ஒரே மகளான எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

நான் ஆறாவது படித்த வருஷம், ஒருநாள் அப்பா பண்ணையில் தலை கிறுகிறுத்து, கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். ஆஸ்பத்திரியில் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பி.பி. எக்கச்சக்கமாக இருக்கிறது, மாத்திரையை நிறுத்தவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா விடியற்காலையில் நூல் மில்லுக்கு ஓடுகிறவள். அதனால் மாத்திரை கொடுக்கும் உத்தியோகம் எனக்கு வந்தது. உப்பைக் குறைக்கும் உத்தியோகத்தை அம்மா எடுத்துக்கொண்டாள். அப்பா அதைப் பண்ணையில் ஊறுகாயை வைத்துச் சரிக்கட்டிக்கொண்டார்.

அஞ்சு நாள் ஒழுங்காகப் போட்டார். ஆறாம் நாள் நான் மாத்திரையும் டம்ளருமாகப் போய் நின்றபோது, சட்டைப் பொத்தானைப் போட்டபடியே சிரித்தார்.

"கோர்ஸ் முடிஞ்சுது சாமி. கிறுகிறுப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. மேல மேல மருந்து குடுத்தாக் கோழிக்கே ஆகாது, மனுசனுக்கு ஆகுமா?"

எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. இந்த வியாதி வந்தால் கடைசிவரை கூடவே இருக்கும், வலிக்காது, சத்தமும் போடாது என்று பதினோரு வயசுக்காரிக்கு யார் சொன்னார்கள்? அவரிடம்தான் சொன்னார்கள்; அவருக்கோ எல்லாம் தெரியும். அம்மாவிடம் மூச்சு விடாதே, வீணாகக் கத்துவாள் என்றார். அப்பாவும் நானும் மட்டும் அறிந்த ரகசியம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் ஒரு மாத்திரையைப் பிதுக்கிச் சாக்கடையில் போட்டேன். அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா, கெட்டிக்காரி என்று என் கன்னத்தைக் கிள்ளுவாள். தீர்ந்துபோனால் அப்பாவே புதிதாக வாங்கிவந்து வைப்பார்.

நாலு மாசம் அப்படி ஓடியது. ஒரு மத்தியானம் தீவன மூட்டைகளுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தவரை டெம்போவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்கள். வலது கை விளங்கவில்லை, பேச்சும் போய்விட்டது. மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார் டாக்டர். மாத்திரையை இடையில் நிறுத்தினாரா என்று அம்மாவைக் கேட்டார்.

"ஐயோ, ஒருநாள் தவறலைங்க. எம்புள்ளதானுங்க தெனமும் எடுத்துக் குடுக்குது."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கண் திறந்துதான் இருந்தது. அவரைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

அப்பாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டோம் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பொய் செத்தவரோடு போகாது, இருக்கிறவளிடம் வந்து நிற்கும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. போன மாசம் அம்மாவுக்கும் பி.பி. என்றார்கள். நான் வாங்கிவந்த மாத்திரை அட்டையை அவள் தொடக்கூட இல்லை.

"உங்கப்பா ஒருநாள் தவறாமப் போட்டாரு. பொழச்சாரா? எனக்கு வேண்டாம் சாமி."

வேறு வழியில்லை, சொல்லிவிட்டேன். சாக்கடையில் போட்டது, டாக்டரிடம் தலையாட்டியது, எல்லாவற்றையும். அழுதுகொண்டேதான் சொன்னேன். அம்மா அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே?"

மறுநாள் காலையில் மாத்திரையும் தண்ணீருமாக அவள் முன்னால் போய் நின்றேன். என் கையைப் பார்த்தாள். எழுந்து போய், அட்டையிலிருந்து வேறொன்றைத் தானே பிதுக்கி எடுத்து விழுங்கினாள்.

அன்றிலிருந்து ஒருநாள் தவறாமல் போடுகிறாள். என் கையிலிருந்து மட்டும் வாங்குவதில்லை.