ஒரே கேம், ரெண்டு கன்சோல், ஒரு ஜெபக்குறிப்பு

இன்று காலை நெய்யாற்றின்கரை பஸ்ஸில் ஷாஜன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பள்ளியில் என் கணக்கு நோட்டைப் பார்த்து எழுதியவன். இப்போது இருவரும் ஒரே கம்பெனிக்கு வீட்டிலிருந்து கேம் புரோகிராம் எழுதுகிறோம். கேம் ஒன்றுதான், அதை ஓட்ட அவனுக்கு ஒரு கன்சோல், அதாவது டி.வி.யில் மாட்டி ஆடும் பெட்டி, எனக்கு வேறொன்று.

“எனக்க கன்சோல்ல முத நாளே ஓடிச்சு மக்கா. உள்ள சாதா கம்ப்யூட்டர் ஆக்கும். தப்பு எந்த வரியிலன்னு அதுவே காட்டும். உனக்கது எப்படி?”

என்னுடையது ஒன்றும் காட்டாது. கறுப்புத் திரையோடு நிற்கும். அதன் விசித்திர சிப்புக்கு வேலையைத் துண்டு துண்டாக நான்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும். கையேட்டில் பாதி விஷயம் கிடையாது.

“ஓடும், ஓடும்” என்றேன்.

இறங்கும்போது தோளில் தட்டினான். “எலே, உனக்க அம்மை சபையில ஜெபக்குறிப்பு குடுத்திருக்கா. ‘மகனுக்கு வேலையில புத்தி தெளியணும்’னு. ஞாயிற்றுக்கிழமை நானாக்கும் வாசிக்கது.”

புத்தி எனக்கு உண்டு அம்மா, கன்சோலுக்குத்தான் இல்லை!

அவன் மைக்கில் வாசித்து முடித்ததும் நானும் ஆமென் சொல்ல வேண்டும். உங்களுக்கென்றால் வாய் வருமா?