மேலே வந்த தண்ணீர்

நெமிலிச்சேரியில் எங்கள் ஃப்ளாட்டைப் பசுமைக் கட்டடம் என்று சொல்லித்தான் விற்றார்கள். மாடியில் சோலார், கீழே மழைநீர்க் குழி. குழியைச் சுத்தம் செய்ய வந்தவர் முன்பு அதே இடத்தில் நெல் பயிரிட்டவர்.

“இது ஏரித் தண்ணி போற வழி சார். குழில தண்ணி கீழ எறங்காது, மேலதான் வரும்” என்றார். நான் சிரித்துவைத்தேன்.

ஐப்பசியில் மூன்று நாள் மழை கொட்டியது. மழை விட்ட பிறகும் குழியிலிருந்து தண்ணீர் பொங்கிக்கொண்டே இருந்தது. மதியத்துக்குள் கார் சக்கரங்கள் முழுகிவிட்டன. பயந்துபோய் அவருக்குப் போன் செய்தேன்.

“ஏரி இன்னும் நெறையவே இல்ல சார். நெறஞ்சா தண்ணி இன்னும் ஏறும். கொழந்தைய கூட்டிகினு கெளம்புங்க.”

உடனே மனைவி, மகளோடு மாங்காட்டில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். வெள்ளம் வடிந்து திரும்பியபோது, தூண் ஒன்றின் அடியில் கை நுழையும் அளவுக்கு மண் அரித்திருந்தது. அக்கா வீட்டில் எத்தனை நாள்தான் இருப்பது? வேறு போக்கிடம் இல்லை. அந்தத் தூணுக்கு மேலேதான் இன்றும் தூங்குகிறோம்.