சேலை கட்டிய இத்தாலிக்காரி

அந்த ஏரி உண்மையில் ஏரியே அல்ல. நில அலுவலகப் பதிவின்படி அது கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குழி. மழை பெய்து பெய்து நிறைந்துவிட்டது. ஆனால் சாலாக் செலாத்தான் ஸ்டேஷனில் இறங்கி, செம்மண் பாதையில் நடந்து, மூங்கில் புதரைத் தாண்டியதும் அந்தப் பச்சை கலந்த நீலத் தண்ணீரைப் பார்த்தால், நில அலுவலகத்து ஆளுக்கே பதிவைத் திருத்தலாமா என்று தோன்றிவிடும். அங்கே தங்கிய எல்லாரும் ஏரி என்றே சொன்னார்கள். நானும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

கரையில் ஓர் இத்தாலிய வீடு. சுரங்கத்தை நடத்திய இத்தாலிய எஞ்சினியர் ஊர் ஏக்கம் தாங்காமல் கட்டியது. வளைவு வளைவாகத் தாழ்வாரம். கூரையின் உட்புறத்தில் சிறகு முளைத்த கொழுத்த குழந்தைகள். சாப்பாட்டு அறைச் சுவர் முழுக்க அவர் ஊர் ஏரியும் பனிமலையும் சித்திரமாக. ஈயத்தின் விலை விழுந்ததும் அவர் கப்பலேறினார். போகும்போது வீட்டைத் தம் சமையல்காரரிடம் நீண்ட குத்தகைக்கு விட்டுப் போனார். அந்த அண்ணன் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்; நம் தமிழர். அவரும் மனைவியும் மகளும் சேர்ந்து அதை ஹோட்டலாக்கினார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் பட்டணத்தில், பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்த இளம் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. லீவு கிடைத்தால் அங்கேதான் ஓடுவேன்.

அண்ணனுக்கு எஞ்சினியர் கற்றுக்கொடுத்த சமையல்தான் வரும். நீள நீளமான மாவு நூலை வேகவைத்து, தக்காளிக் குழம்பு ஊற்றித் தட்டில் வைப்பார். பட்டணத்து மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவிலிருந்து வந்திருந்த ஜவுளிக்கடை பாய் ஒருவர் அதை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

“இடியாப்பம் சிக்காயிடுச்சு போல, அண்ணே?”

“சிக்கெல்லாம் இல்ல பாய். உங்களுக்குத் தெரியாத நூலா? பிரிச்சுக்கிட்டே போங்க லா.”

சாயங்காலம் சம்பான் படகில் சவாரி. எஞ்சினியர் சொன்னபடி அண்ணன் நின்றுகொண்டுதான் துடுப்புப் போடுவார். அர்த்தம் தெரியாத இத்தாலியப் பாட்டு ஒன்றையும் பாடுவார். பாட்டு ஏற ஏறச் சம்பான் இருந்த இடத்திலேயே சுற்றும். கரையேறியவர்கள் தாழ்வாரத் தூணைக் கட்டிக்கொண்டு சிரிப்பார்கள். ஒரு தடவை அனுபவித்தவர்கள் மறுநாளும் வரிசையில் நிற்பார்கள், நான் உட்பட.

தண்ணீருக்கு இறங்கும் படிக்கட்டின் ஓரத்தில் ஆளுயரச் சலவைக்கல் பெண் ஒருத்தி குடத்தைத் தோளில் வைத்து நின்றாள். குடத்தைத் தவிர அவளிடம் வேறொன்றும் இல்லை. துரைமார் வந்த காலத்தில் அதைப் பற்றி யாரும் புகார் செய்யவில்லை. குடும்பங்கள் வரத் தொடங்கியதும் அக்காவுக்கு, அதாவது அண்ணனின் மனைவிக்கு, கூச்சமாகிவிட்டது. கையில் கிடைத்த ஒரு மஞ்சள் சேலையை எடுத்து அவள்மேல் சுற்றிவிட்டார். கூச்சம் தீர்ந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் மகளைப் பெண் பார்க்கக் கிள்ளானிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வருவதாக இருந்தது. மாதா கோவில் திருவிழாவில் ஒரே ஒரு தடவை பார்த்த துறைமுகக் கிராணியைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று மகள் பிடிவாதமாக இருந்தாள். அவன் அம்மாவோ மாதா கோவில் பூசை ஒன்றையும் தவறவிடாதவர். பெண்வீட்டு வாசலில் குறிசொல்லுகிறவன் உட்கார்ந்திருந்தான் என்பதற்காக முந்தைய சம்பந்தத்தை முறித்தவர் என்று பேச்சு. அக்கா அந்த வாரம் முழுவதும் தரையைத் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்திருந்தார்.

முந்தின நாள் டெங்கில் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு கங்காணி குடும்பத்தோடு வந்து இறங்கியிருந்தார். ஞாயிறு காலையில் குளிக்கப் போன அவர்கள் கண்ணில் தண்ணீரோரம் மஞ்சள் சேலையில் குடத்தோடு ஒருத்தி பட்டாள். யார் என்று கேட்க வேண்டுமா? நான் காப்பி குடித்து முடிப்பதற்குள் நெற்றியில் குங்குமம், கழுத்தில் எலுமிச்சை மாலை, காலடியில் கற்பூரம். கங்காணியின் மனைவி நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தார்.

“கிராணியாரே, ஓடி வாங்க! குடியே முழுகிடுச்சு!” என்று அக்கா கத்தினார்.

“சேலைய உருவிட்டா போச்சு” என்றார் அண்ணன்.

“உருவினா என்ன தெரியும்னு தெரியாதா உங்களுக்கு? சம்பந்தியம்மா அதப் பாக்கணுமா?”

“அப்ப அப்படியே இருக்கட்டும்.”

“இருந்தா அம்மன் கோயில் வச்சிருக்கோம்னு அந்தம்மா அடுத்த ரயிலப் பிடிச்சிருவாங்க. எம் மக கண்ணக் கசக்கிக்கிட்டு நிப்பா.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எதற்கும் ஒரு முறை உண்டு. குடியேறியவரை முன்னறிவிப்பில்லாமல் காலிசெய்யச் சொல்ல முடியாது. மனுஷராக இருந்தாலும் சரி, சாமியாக இருந்தாலும் சரி. ஆகவே பூக்கட்டிப் பார்க்கலாம் என்றேன். வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை இன்னோர் இலையிலும் மடித்துப் போடுவது. வெள்ளை வந்தால் அம்மன் பின்கட்டுக் கொட்டகைக்குப் போகச் சம்மதம்; சிவப்பு வந்தால் சம்மதமில்லை. கங்காணி மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். அவர் மனைவி கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

“இன்னொரு தரம் பாக்கலாமே?” என்றேன்.

“அம்மா தீர்ப்புக்கே அப்பீலா, கிராணியாரே?” என்றார் கங்காணி.

விஷயம் கம்பத்துக்குள், அதாவது சுற்றுக் கிராமத்துக்குள், பரவியது. சாலாக் செலாத்தானிலிருந்து ஆட்கள் பால்குடத்தோடு வந்தார்கள். யாரோ உறுமி கொண்டுவந்தார்கள். இதற்குள் யாரோ சம்பானை எடுத்துச் சுற்றத் தொடங்க, அதையும் வேண்டுதல் என்று நினைத்துப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். கூட்டத்தைக் கண்ட அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. அண்டா நிறைய இத்தாலி இடியாப்பத்தை வேகப்போட்டு, பிரசாதம்போல இலையில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அக்கா கரண்டியைப் பிடுங்கி அவர் முதுகில் ஒன்று வைத்தார். உறுமிச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

ரயில் ஊதியதும் அப்படித்தான் யாருக்கும் கேட்கவில்லை.

படிக்கட்டின் மேல்படியில் செபமாலையோடு ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். உறுமி நின்றது. அவர் ஒருவரையும் பார்க்காமல் நேராக இறங்கி வந்து, சிலைக்கு முன்னால் முழங்காலிட்டுச் சிலுவை வரைந்துகொண்டார்.

“வேளாங்கண்ணி மாதாவே!”

வேளாங்கண்ணியில் மாதாவுக்கும் சேலைதான் சாத்துவார்கள். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். கங்காணியின் மனைவிக்கோ பெருமை தாங்கவில்லை. “பாத்தீங்களா, கிள்ளான்காரவுகளே விழுந்து கும்புடுறாங்க!” என்றபடி குங்குமத் தட்டை நீட்டினார்.

அம்மாள் கண்ணைத் திறந்து தட்டைப் பார்த்தார். எலுமிச்சை மாலையைப் பார்த்தார். எழுந்து சிலையை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். பின்பக்கம் போனதும் நின்று, முந்தானையை ஒரு விரலால் சற்றே தூக்கிப் பார்த்து, சட்டென்று விட்டுவிட்டார். அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றே நினைத்தோம்.

“மாதாவுக்கு ரவிக்கை போடாம எவடி விட்டது?” என்று கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் மகள் முன்னே வந்தாள். “அது மாதாவும் இல்ல, அம்மனும் இல்ல அத்தை. குளிக்க வந்த இத்தாலிக்காரி. அம்மாதான் வெக்கப்பட்டுச் சேலை சுத்துனாங்க.”

“நீ ஏன் சொல்ற? நான் மாதான்னு கும்புட்டுட்டுப் போயிருப்பேன்ல?”

“நாளைக்கு உங்க பங்குச் சாமியாரக் கூட்டிட்டு வந்து மந்திரிக்கச் சொல்வீங்களே.”

அம்மாளுக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது. கங்காணியின் மனைவி தேங்காய் உடைப்பதை ஓரக்கண்ணால் பார்த்தார். “மெதுவாப் பேசு. அவங்க பாட்டுக்குக் கும்புடட்டும்” என்றார். பிறகு சிலையின் இடுப்பைப் பார்த்து முகம் சுளித்தார். “ஆனா இது என்ன கட்டு? மூட்டையா கட்டியிருக்கீங்க, கொசுவமே இல்லாம? ஆம்பளைங்கல்லாம் அந்தப் பக்கம் திரும்புங்க!”

திரும்பினோம். கங்காணி, அன்றும் வந்திருந்த ஜவுளிக்கடை பாய், அண்ணன், உறுமிக்காரர், நான், எல்லாரும் மூங்கில் புதரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சிரித்துச் சிரித்துப் பாய்க்கு விக்கல் எடுத்துவிட்டது. பின்னால் வளையல் சத்தம், சேலையை உதறும் சத்தம், அடக்கிய சிரிப்பு.

“மருமகளே, அந்தச் சேப்டிப் பின்ன எடு.”

“என்ன சொன்னீங்க, சம்பந்தியம்மா?” அக்காவின் குரல் உடைந்தது.

“பின்ன எடுக்கச் சொன்னேன். காது கேக்கலியா?”

அண்ணன் திரும்பிப் பார்க்கப் போனார். நானும் பாயும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரைப் புதரைப் பார்க்கவே நிற்கவைத்தோம். அவர் அங்கேயே நின்றபடி அந்த இத்தாலியப் பாட்டைப் பாட ஆரம்பித்தார்.