நைனா மிதித்த உமி மூட்டை

அண்ணா, இந்த வெயிலிலும் என் கோழிகள் நன்றாகவே இருக்கின்றன. அதை முதலில் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

நான் எட்டாவதோடு நின்று கோழி வளர்க்க ஆரம்பித்தேன். நீ இன்ஜினீயரிங் படித்தாய். தகரக் கூரைக்கடியில் கோழிகள் சுருண்டு விழுந்த அந்தக் கோடையில், என் ஷெட்டை லேப்டாப்புக்குள் அப்படியே கட்டினாய். கூரைமேல் உமி மூட்டை அடுக்கினால் சூடு எவ்வளவு குறையும் என்று அதிலேயே பார்க்கலாமாம். உமிக்குள் வெப்பம் எவ்வளவு சுலபமாகப் பாயும் என்பதற்கு ஓர் எண் கொடுத்தாய். திரையில் ஷெட் நீலமானது. நீலம் என்றால் குளிர்ச்சி.

உத்திரமேரூர் ரைஸ்மில்லில் உமி வாங்கி வந்து அடுக்கினோம். மறுநாள் மத்தியானம் உன்னை ஷெட்டுக்கு இழுத்துப் போனேன்.

"கோழிங்க வாயப் பொளந்துகினு கீது பாரு. உன் நீலத்த அதுங்களுக்குக் காட்டு."

"எண்ணு கரெக்ட்டாதான் போட்டேன்" என்று ஏணியில் ஏறி ஒரு மூட்டையைத் தட்டினாய். கல் மாதிரி இருந்தது.

"இன்னா நைனா இது?" என்று கீழே நின்ற அப்பாவைக் கேட்டாய்.

"நெல்லு மூட்ட மாரி கால்ல நல்லா மெறிச்சு கட்டனேன். இல்லாட்டி அது மூட்டையாடா?"

"உமிக்கு நடுவுல கீற காத்துதான் சூட்ட தடுக்கும். மொத்தத்தையும் மெறிச்சு வெளிய தள்ளிட்டியே."

"காத்து ரொப்பவா சாக்கு வாங்கனோம்? முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

இறங்கி வந்து, லேப்டாப்பில் ஒரே எண் வைத்திருந்த மாடலை எடுத்துவிட்டு, உமி இறுகினால் எண்ணும் கூடுகிற மாடலைப் போட்டாய். ஷெட் சிவப்பானது. உனக்கு ஒரே சந்தோஷம்.

"இப்பதான் கரெக்ட்டா கீது."

"கோழி சாவுது, இவனுக்கு கரெக்ட்டாம்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

சாயங்காலமே மூட்டைகளை அவிழ்த்து, உதறி, தொளதொளவென்று கட்டினோம். நைனா தலையெல்லாம் உமி. மறுநாள் வெயிலில் கோழிகள் வாயை மூடிக்கொண்டு மண்ணைக் கிளறின. நீ லேப்டாப்பை அவற்றின் பக்கம் திருப்பி, மறுபடி நீலமாகிவிட்ட ஷெட்டைக் காட்டினாய்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இந்தக் கோடைக்குப் புது உமி போட்டோம். சாக்கு பாதி நிறைந்ததும் நைனா பழக்கத்தில் காலைத் தூக்கினார். தூக்கிய காலை அப்படியே கீழே வைத்தார்.

"வோணாம். மெறிச்சா அவன் திட்டுவான்."

இதைப் படிக்கிறவர்களே, நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் எங்கள் அண்ணனுக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள். அவன் இருக்கிற இடம் குளுகுளுவென்று இருக்கட்டும்.