விசிலக்காவும் கேட்பாரற்ற பைகளும்

மார்ச் ஒன்பதாம் தேதி காலைப் பேருந்தில் குண்டு வெடித்தது. பதினொரு பேர் செத்தார்கள். நடத்துநர் பிழைத்தாள், இடது காது போயிற்று. பணிமனையில் அவளை எல்லோரும் விசிலக்கா என்பார்கள். அவள் விசில் அடித்தால் அடுத்த தெரு வண்டியும் நின்றுவிடும் என்பது அங்கே பழைய கேலி.

குண்டு வைத்தவனுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தவளும் அவள்தான். கடைசி நிறுத்தம்வரை வாங்கினான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த இருக்கைக்கு அடியில் பையைத் தள்ளிவிட்டுப் பாதி வழியில் இறங்கிக்கொண்டான். அவன் கூட்டத்தார் அவனைப் போராளி என்று சுவரொட்டி ஒட்டினார்கள்.

"போராளியாம்! பிள்ளைங்க காலுக்கடியில வச்சுட்டு ஓடுறவனுக்கு அது பேரா? மாட்டிக்கிட்டா எலிகூட எதிர்த்து நிக்கும்" என்றாள், பேட்டி எடுக்க வந்தவர்களிடம். அதை அவர்கள் ஒளிபரப்பவில்லை. கொஞ்சம் அழுதால் நன்றாக இருக்கும் என்றார்கள்.

காயம் ஆறித் திரும்பியவளை மேனேஜர் வண்டியில் ஏற்றவில்லை. காதைக் காரணம் காட்டி, பயணிகள் விட்டுப்போன பொருள்களை வைக்கும் அறையில் உட்காரவைத்தார். இரக்கம் என்று யாரும் ஏமாற வேண்டாம். வெடிப்புக்குப் பிறகு, கேட்பாரற்ற பையைத் திறக்க அங்கே ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. எல்லாம் அவள் ஜன்னலுக்கு வந்தன. கொண்டுவருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டுவார்கள்.

"உங்களுக்குத்தான் அனுபவம் இருக்குல்ல அக்கா?"

"ஆமாடா, செத்துப் பழகுனவ நான். கொடு இங்க."

உள்ளே ஈரத் துண்டு இருக்கும், அறுந்த செருப்பு இருக்கும், பாதி தின்ற பழம் இருக்கும். அவளுக்கு வேண்டியது வண்டி. மாதம் தவறாமல் மேனேஜரிடம் கேட்டாள். மாதம் தவறாமல் அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"உயிர் தப்பிச்சது போதாதா உனக்கு?" என்றார் அவள் கணவர்.

"இறங்கி ஓடுனது அவன். நான் இறங்கவே இல்லைங்க. மேனேஜர்தான் இறக்கிவிட்டார்."

முதலாண்டு நினைவு நாளுக்கு அமைச்சர் வந்தார். நினைவுக் கல்லில் அவர் பெயர் முழ நீளத்துக்கு இருந்தது. செத்தவர்கள் பெயர்கள் கடுகு கடுகாக இருந்தன. பாதுகாப்புக்காக யாரும் பை கொண்டுவரக் கூடாது என்பது மேனேஜர் உத்தரவு. மகளைப் பறிகொடுத்த தாயின் கைப்பையைக்கூட வாசலில் பிடுங்கி வைத்தார்கள்.

"பயங்கரவாதத்துக்கு அஞ்ச மாட்டோம்!" என்று அமைச்சர் முழங்கிக்கொண்டிருந்தபோது, மேடைக்கு அடியில் ஒரு பை கிடப்பதைப் பார்த்து யாரோ கத்தினார். முதலில் குதித்தவர் அமைச்சர். அவரையும் முந்தியவர் மேனேஜர். செத்தவர்களின் வீட்டார் மட்டும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை.

மதில் சுவருக்குப் பின்னாலிருந்து மேனேஜரின் குரல் வந்தது. "விசிலு! நீ போய்ப் பாரும்மா!"

அவள் குனிந்து பார்த்தாள். பழுப்புப் பை, அறுந்த ஜிப் நீல நூலால் கட்டப்பட்டிருந்தது. தினமும் மேனேஜர் கையில் அவள் ஜன்னலைத் தாண்டிப் போகும் பைதான். போட்ட உத்தரவில் தானே மாட்டாமலிருக்கக் காலையிலேயே அதை அங்கே செருகி வைத்தவர், பை என்ற சத்தம் கேட்டதும் அதை மறந்து ஓடியிருந்தார். விசிலக்கா திறந்தாள். சாப்பாட்டு டப்பாவையும் தலைச்சாயப் பாக்கெட்டையும் எடுத்து மேடைமேல் வைத்தாள். மைக்கைப் பிடித்தாள்.

"மேனேஜர் சார், வாங்க. உங்க டப்பா வெடிக்காது. ஆறிப்போச்சு, அவ்வளவுதான்."

முதலில் சிரித்தது மகளைப் பறிகொடுத்த அந்தத் தாய்தான்.

கேமராக்கள் திரும்பின. அமைச்சர் சட்டை மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தார். "உனக்கு என்ன வேணும், சொல்லும்மா."

"என் வண்டி. அதே தடம்."

"காது கேக்காதுங்கய்யா" என்று மேனேஜர் இழுத்தார்.

"ஒரு காது பாம்புக் காது சார். அதுவும் இல்ல, விசில் அடிக்கிறது நான். கேக்க வேண்டியது டிரைவர். அவருக்கு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

கேமரா பார்த்துக்கொண்டிருந்ததால் அமைச்சர் தலையாட்டினார்.

திங்கட்கிழமை காலை, அதே தடத்தின் முதல் வண்டியில் விசிலக்கா ஏறினாள். அவள் உட்கார்ந்திருந்த அறை பூட்டிக் கிடக்கிறது. கேட்பாரற்ற பைகளை இப்போது மேனேஜர் அறை வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.