ஒரே ஒரு பச்சைக் காய்

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம், இங்கிலாந்தை ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அப்படி வந்தது. அந்த நாட்டு மக்கள் அதற்கு ஆறு மாதம் முன்பே ஓட்டுப் போட்டு, விலகுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் போகவில்லை. எங்கள் சொந்தக்காரர்கள் ‘போயிட்டு வர்றோம்’ என்று சொல்லிவிட்டு வாசற்படியில் நின்று இன்னும் ஒரு மணி நேரம் பேசுவார்களே, அந்த மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள். போவதா இருப்பதா என்பதை ஏற்காட்டில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் தின விழாவில் பேசி முடித்துவிடலாம் என்று சமூக அறிவியல் சார் நினைத்தார்.

சார் சேலத்துக்காரர். தினமும் அடிவாரத்திலிருந்து முதல் பஸ்ஸில் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணை இறுக மூடிக்கொண்டே கடந்து மேலே வருவார். கரும்பலகையில் இருபத்தெட்டு வட்டங்கள் போட்டு எங்களுக்கு விளக்கினார். இந்த நாடுகள் ஒன்று சேர்ந்திருக்கின்றன, ஒன்றின் சரக்கு இன்னொன்றுக்குள் வரியில்லாமல் போகும், யாரும் எங்கேயும் போய் வேலை பார்க்கலாம், ஆனால் பல சட்டங்களை எல்லாரும் கூடித்தான் போட வேண்டும். அதில் ஒரு நாடு, இனி என் சட்டத்தை நானே போட்டுக்கொள்கிறேன் என்கிறது, சரியா தப்பா என்று கேட்டார். அதுவரை ஐரோப்பா எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத எங்கள் வகுப்பு, மத்தியானச் சாப்பாட்டுக்குள் இரண்டு கட்சியாகப் பிரிந்து டிபன் பாக்ஸை இடம் மாற்றி வைத்துக்கொண்டது.

விழாவில் வந்திருக்கும் எல்லாரும் ஓட்டுப் போடுவார்கள், முடிவை எழுதித் தூதரகத்துக்குத் தபாலில் அனுப்பப் போகிறேன் என்றும் சார் சொன்னார். நான் அதை நம்பினேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. நம்பவில்லை என்று சொன்னால் பொய்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. குளிக்கும்போது பேசினேன், தலை பின்னும்போது பேசினேன். அப்பா பிக்கப் வண்டியில் காய்கறி ஏற்றிக்கொண்டு குப்பனூர் வழியாகச் சேலம் போகிறவர். ஞாயிற்றுக்கிழமை அவரோடு போனபோது மலை இறங்கி முடியும்வரை பேசினேன். அவர் எல்லாவற்றுக்கும் ‘சரிதான்’ என்றார். எதிரணியின் வாதத்தைச் சொல்லிக் காட்டியபோதும் அதே ‘சரிதான்’. எனக்குப் பேச எழுதிக் கொடுத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். ‘நம் வீட்டுக் குழம்புக்கு எத்தனை உப்பு என்று பக்கத்து வீட்டார் இருபத்தேழு பேர் கூடித் தீர்மானிப்பதா?’ என்ற வரி அவருடையது. அதைச் சொல்லும்போது கையை எங்கே தூக்க வேண்டும் என்பதும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான்.

அந்த மாதம் வீட்டில் இன்னொரு பரபரப்பும் இருந்தது. அம்மா ஏற்காட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு வருடமாகத் துணி துவைக்கும்போதும் மாவு ஆட்டும்போதும் ஆங்கில வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வீட்டுப்பாடம் இருப்பதுபோல் அவளுக்கும் ஏதோ இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். பரீட்சையில் முதல் தடவை தோற்று, இரண்டாம் தடவை தேறி, இப்போது இங்கிலாந்திலிருந்து வேலைக்குக் கடிதம் வந்திருந்தது. முதலில் மூன்று வருடம். அவள் மட்டும். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா ‘உன் இஷ்டம்’ என்றார். எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு வேண்டாம் என்று அர்த்தம். அம்மா கடிதத்தை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டாள். அவள் போகமாட்டாள் என்று நானும் நிம்மதியாகப் பேச்சை மனப்பாடம் செய்தேன்.

ஓட்டுப் போடக் காகிதம் வேண்டாம், காப்பிப் பழம் போதும் என்பது சாரின் யோசனை. தை மாதம், செடியெல்லாம் பழுத்துக் கிடந்தது. இருக்க வேண்டும் என்கிறவர்கள் சிவப்புப் பழம் போட வேண்டும், விலக வேண்டும் என்கிறவர்கள் பச்சைக் காய். சேலத்து சிக்னலில் சிவப்பு விழுந்தால் நிற்க வேண்டும், பச்சை விழுந்தால் போக வேண்டும் அல்லவா, அந்தக் கணக்கு. மலைமேல் சிக்னலே கிடையாது. ஆனாலும் நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம்.

விழா அன்று காலையில் மாமா இரண்டு பைகளோடு பைக்கில் வந்தார். சிவப்புப் பழப் பை பெருமையாக முன்னால் தொங்கியது. பச்சைக் காய்ப் பையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்திருந்தார். காய் பறித்ததை எஸ்டேட்டில் யாராவது பார்த்தால் மானம் போய்விடுமாம். என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, செம்மநத்தத்துப் பக்கத்துக் குறுகல் ரோட்டில் காற்றுக்கு மேல் கத்திக்கொண்டே ஓட்டினார்.

“நல்லா அடிச்சுப் பேசு கண்ணு. அவங்க வெளிய வந்தாத்தான் உங்கம்மாவுக்கு நல்லது. பக்கத்து நாட்டு நர்சுங்கெல்லாம் அவங்கவங்க ஊருக்குப் போயிருவாங்க. அப்புறம் நம்ம ஆளுங்களத்தான் கூப்புட்டாகணும். உங்கம்மாவுக்குச் சீட்டு உறுதி.”

அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். நான் ஜெயித்தால் அம்மா போய்விடுவாள். பைக்கிலிருந்து குதித்துவிடலாமா என்று நினைத்தேன். காய்ச்சல் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். பேச்சை மறந்ததுபோல் பாதியில் நிற்கலாம் என்று கடைசியில் முடிவு செய்தேன்.

மேடையில் ஏறியதும் அந்த முடிவைத்தான் மறந்துபோனேன். மைக் முன்னால் நின்றால் எனக்கு யாரும் வேண்டாம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. குழம்பு வரியில் கையைத் தூக்கினேன், கூட்டம் குலுங்கிச் சிரித்தது. எதிரணியில் பேக்கரிக்காரர் மகள், ஒற்றையாகப் போய் நின்றால் எந்தச் சந்தையில் யார் நல்ல விலை தருவார்கள் என்று கேட்டாள். நல்ல கேள்வி. விலையை அவர்கள் சொல்லட்டும், விற்பதா வேண்டாமா என்பதை நாங்கள் சொல்கிறோம் என்று பதில் சொன்னேன். அது மாமா எழுதிக் கொடுத்ததல்ல, எனக்கே அந்த இடத்தில் வந்தது. கடைசி வரிசையில் டியூட்டி முடிந்து வெள்ளை உடுப்போடு ஓடிவந்த அம்மா, கையைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டிக்கொண்டிருந்தாள். உலகத்தில் என்னைவிடச் சந்தோஷமான பிள்ளை அந்த நிமிடம் இருந்திருக்க முடியாது.

பிறகு ஓட்டு. கரும்பலகைக்குப் பின்னால் இரண்டு கூடை, நடுவில் துணி கட்டிய பானை. ஒவ்வொருவராகப் போய்த் துணியின் கிழிசல் வழியாக ஒன்றைப் போட்டுவிட்டு வந்தார்கள். என் முறை வந்தது. பச்சைக் கூடை கைக்கு எட்டும் தூரத்தில் நிறைந்து கிடந்தது. நான் நன்றாகத் தெரிந்தே சிவப்புப் பழம் ஒன்றை எடுத்தேன். தூதரகத்துக்குப் போகிற கடிதத்தில் ஒரு பழமாவது அம்மாவை நிறுத்திவைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு போட்டேன்.

சார் பானையை முறத்தில் கவிழ்த்தார். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. முறம் முழுக்கச் சிவப்பு. நடுவில் ஒரே ஒரு பச்சைக் காய். இத்தனை கைதட்டல் வாங்கிய கட்சிக்கு ஒரு ஓட்டா என்று சார் கூட்டத்தைப் பார்த்தார். மாமாதான் எழுந்து விளக்கினார்.

“ஏனுங்க சார், காப்பிக்காட்டுச் சனத்துகிட்ட வந்து பச்சைக் காய எடுன்னா யாருங்க கை வெப்பாங்க? எடை போடறப்ப கூடையில ஒரு பச்சை கெடந்தாலும் மேஸ்திரி அத்தன பேரு முன்னால கொட்டிப் பொறுக்க வெப்பாருங்க. சின்னப் புள்ளையிலருந்து அடி வாங்கி வளந்த கைங்க.”

உண்மைதான். கரும்பலகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தபோது சிவப்புக் கூடையில் தப்பித் தவறிக் கலந்திருந்த காய்களைக்கூட யாரோ பொறுக்கிக் கீழே போட்டிருந்தார்கள். கூட்டத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த ஒற்றைப் பச்சை என்னுடையதுதான் என்று எல்லாரும் தாமாகவே முடிவு செய்துகொண்டார்கள். சொந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்ட ஒரே ஆள் என்று சார் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பஸ் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது அம்மா கேட்டாள்.

“அந்தப் பச்சை நீ போட்டதா கண்ணு?”

“ஆமாம்மா.”

“நெசமாலுமா?”

“நான் வெளிய போற கட்சிம்மா. வேற எதைப் போடுவேன்?”

அம்மா நின்றுவிட்டாள். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். எனக்குப் பயமாக இருந்தது, ஆனால் அவள் திட்டவில்லை. “சரி சாமி, ஊட்டுக்குப் போலாம்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வலிக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு, இங்கிலாந்து வேலைக்கு வரவில்லை என்று எழுதிப்போட்டுவிட்டதாக அம்மா அப்பாவிடம் சொன்னாள். ‘உன் இஷ்டம்’ என்றார் அப்பா, இந்தத் தடவை சிரித்துக்கொண்டு. நான் முற்றத்தில் குதித்து ஆடினேன். என் பழம் வேலை செய்துவிட்டது என்று அத்தனை நிச்சயம் எனக்கு. மறுநாள் பேக்கரிக்காரர் மகளிடம், தூதரகத்துக்குத் தபால் போய்ச் சேர்ந்துவிட்டது என்று ரகசியமாகச் சொன்னேன். அதன் பிறகு சில வருடங்களில் அந்த நாடு எங்கள் தீர்ப்பைக் கேட்காமல் விலகியே போனது. அம்மா அதே ஆஸ்பத்திரியில்தான் இன்னும் இருக்கிறாள்.

பானையில் இருந்தது ஒரே ஒரு காய். அதை நான் போடவில்லை. நான் சொன்னது பொய், நான் போட்டது சிவப்பு என்று நிச்சயமாகத் தெரிந்திருக்கக்கூடிய ஆள் இந்த உலகத்தில் இன்னும் ஒருவர்தான், அதைப் போட்டவர். என்னைப் பெரிய பேச்சாளி என்று நினைத்துக்கொண்டு நான் துள்ளி நடந்தேன். அந்தக் காயைப் போட்ட கைதான் என் கையைப் பிடித்துக்கொண்டு வீடுவரை வந்தது என்று அந்தப் பதினோரு வயதில் எனக்குத் தெரியவில்லை.