வராத டேப்பும் என் இடுப்புப் பிடிப்பும்

1. உட்காரச் சொன்னார்கள்

கோடவுனில் சரக்கு ஏற்றி இறக்கும் லோடிங் பேயில் நின்றவனை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். அந்த ரூமுக்குள் அதற்கு முன் பீரோ தூக்கி வைக்கத்தான் போயிருக்கிறேன். இந்தத் தடவை நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். லோடரை உட்காரச் சொன்னால் வேலை போகப்போகிறது என்று அர்த்தம்.

எதிரில் இரண்டு பேர். ஒருவர் எங்கள் சூப்பர்வைசர் நாகராஜ். இன்னொருவர் ஹெட் ஆபீஸிலிருந்து வந்த செக்யூரிட்டி அதிகாரி, முரளி சார். கோயம்புத்தூர்க்காரர். அவர் தன் போனை என் பக்கம் திருப்பினார். அதில் ஒரு வீடியோ. நான் தினமும் வேலைக்கு வந்துபோகும் ரயில் பெட்டி தெரிந்தது. ஓரத்தில் ஒரு முழங்கை. கோடவுன் யூனிபார்ம். என் முழங்கைதான்.

“புது டேப் தள்ளிப்போயிடுச்சுன்னு இதுல சொல்றாங்க. கம்பெனியில மேல இருக்கிற ரெண்டு மூணு பேருக்குத்தான் அது தெரியும். உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?”

எனக்கு எதுவும் தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. அதே வார்த்தையை ரயிலில் பல நாள் சொல்லிப் பார்த்தேன். அங்கேயும் யாரும் நம்பவில்லை.

2. கறுப்பு பிளாஸ்டிக்

நான் ஏழாவது வரைக்கும் படித்தவன். எங்கள் ஊர் தங்கச் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டு வேலை பார்த்தேன். மைன்ஸை மூடினார்கள். அப்புறம் பெங்களூருவில் ஒயிட்பீல்டு பக்கம் ஒரு கோடவுனில் லோடர். எங்கள் ஊர் ஸ்டேஷன் ஊரிகத்தில் காலையில் ரயில் ஏறினால் இருட்டின பிறகு வீடு. என் வயசில் இந்த வேலை போனால் அடுத்த வேலை கிடையாது. வாட்ச்மேன் வேலைக்குக்கூட வயசு கேட்கிறார்கள்.

கோடவுனில் ஒரு பெரிய கம்பெனியின் போன், டேப் என்கிற டேப்லெட் எல்லாம் வந்து இறங்கும். புது சரக்கு என்றால் சரக்கு அடுக்கின பேலட் பலகை முழுக்கக் கறுப்பு பிளாஸ்டிக் சுற்றியிருக்கும். மேலே ஒரு நம்பர் மட்டும். ஸ்கேனரை வைத்தால் பீப் என்கும். எடுத்துக்கொண்டு போய்க் கம்பிவலை போட்ட அறையில் வைக்க வேண்டும். மைன்ஸில் எங்களைக் கீழே இறக்கின கூண்டு மாதிரியே அந்த அறைக்கும் கேஜ் என்றுதான் பெயர். உள்ளே போகும்போது நம் போனை லாக்கரில் வைக்க வேண்டும். வெளியே வரும்போது உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள். மைன்ஸிலும் இதேதான். இங்கே வெளிச்சம் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்போதுமே தெரியாது. எடை தெரியும்.

3. ரயில் பெட்டி

எங்கள் பெட்டியில் தினமும் ஒரே ஆட்கள்தான். மைன்ஸ்காரர்களுக்கு வரிசையாகக் கட்டின லைன் வீடுகளில் எங்கள் லைன்காரன் தசரதன், அப்பார்ட்மெண்டுகளில் பிளம்பர். லோகேஷ், கால் சென்டர் வேலை. இந்த லோகேஷ் போனில் ஒரு சேனல் நடத்துகிறான். புதுசாக எந்த போன் வந்தாலும் அதைப் பற்றிப் பேசுவான். எதையும் கையில் வைத்துப் பேச மாட்டான். அவன் சேனலை நிறையப் பேர் பார்க்கிறார்கள்.

டேப் பேச்சு வருவதற்கு முன்னால் பெட்டியில் ஒரே பேச்சுதான். மைன்ஸை மறுபடியும் திறக்கப் போகிறார்கள். எத்தனை லெவல் தண்ணீர் நிற்கிறது, எந்த ஷாஃப்டை முதலில் திறப்பார்கள், யார் வீட்டுக்கு லெட்டர் வரும் என்று எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். மைன்ஸ் திறக்கவில்லை. வராத ஒன்றைப் பற்றிப் பேசுவதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு நல்ல பயிற்சி. அந்த நேரம் பார்த்துத்தான் புது டேப் வரப்போகிறது என்று செய்தி வந்தது.

லோகேஷ் என்னிடம் கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மைன்ஸ் காலத்தில் ஷிஃப்ட் முடிந்து மேலே வருகிறவன், மடியில் எதுவும் இல்லையென்றால், சோதனை போடுகிறவனைத் திட்டிக்கொண்டே வருவான். “நம்மகிட்ட ஒண்ணியும் இல்லபா” என்று அமைதியாகச் சொல்கிறவனிடம்தான் தங்கக்கல் இருக்கும். இது லைன் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். நான் சுபாவத்தில் அமைதி. அதுதான் தப்பாகிவிட்டது.

“ஒண்ணியும் தெரியாதுன்றான். அப்ப கோடவுன்ல வந்து எறங்கிட்டுது” என்றான் தசரதன்.

அன்றைக்கே லோகேஷ் சேனலில் சரக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு என்னை யாரும் கேட்கவில்லை. பார்த்தார்கள். எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, பெல்ட் கட்டிக்கொண்டு வந்தேன். டேப் எடை ஜாஸ்தி, பேட்டரி பெரிசு என்று போட்டான் லோகேஷ். கார்ட்டன் பட்டை கிழித்து விரலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தேன். ஓரம் பிளேடு மாதிரி மெலிசாம். கண்ணில் தூசி விழுந்து சொட்டு மருந்து போட்டேன். ஸ்கிரீன் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்க்க முடியாதாம். ஒரு நாள் சட்டை முழுக்க நனைந்து ஏறினேன். பெட்டியே குனிந்து என்னைப் பார்த்தது. வாட்டர் ப்ரூஃப். அன்றைக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பின்பக்கம் தங்கத் தகடு என்று சொன்னது தசரதன். அதற்கு மட்டும் என் உடம்பில் ஆதாரம் எதுவும் கிடையாது. எங்கள் ஊரில் எந்தக் கதையிலும் தங்கம் வர வேண்டும்.

4. ஒரு தடவை வாயைத் திறந்தேன்

கலாவதி கார்மெண்ட்ஸில் தையல் வேலை பார்க்கிறவள். பங்காருபேட்டையில் ஏறுவாள். மகள் நர்சிங் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். உடைந்த போனில் பாடம் பார்த்துப் பார்த்து அந்தப் பெண்ணுக்குத் தலைவலி. கலாவதி ஒரு டேப் வாங்கித் தரலாம் என்று இருந்தாள். புதுசு வரட்டும் என்று பெட்டியே அவளைத் தடுத்து வைத்திருந்தது. பரீட்சை நெருங்கிவிட்டது.

அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

“அண்ணா, அவுங்க பேச்சு வேணாம். நீங்க சொல்லுங்க. வாங்கட்டுமா, நிக்கட்டுமா?”

“நிக்காதம்மா. இருக்கிறதையே வாங்கு.”

அவ்வளவுதான் சொன்னேன். பரீட்சை டேப்புக்காகக் காத்திருக்காது என்று நினைத்துச் சொன்னேன். அவள் அந்த வாரமே வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

ஆனால் நான் சொன்னதைப் பெட்டியே கேட்டுவிட்டது. தசரதன் மெதுவாக, “பேசாதவன் பேசிட்டான். டேப் இப்ப வராது” என்றான். லோகேஷ் அங்கேயே வீடியோ எடுத்தான். கோடவுனுக்குள் இருக்கும் ஆள் உறுதி செய்தார், டேப் தள்ளிப்போகிறது என்றான். என் முழங்கை அதில் விழுந்தது இப்படித்தான்.

அதுவரை அவன் போட்டது எல்லாம் பொய். கம்பெனி கண்டுகொள்ளவில்லை. இது ஒன்று உண்மையாகிவிட்டது. கம்பெனி நிஜமாகவே டேப்பைத் தள்ளிவைத்திருந்தது. அதனால்தான் எனக்கு நாற்காலி போட்டார்கள்.

5. அதிகாரி ரயில் ஏறினார்

இதையெல்லாம் நான் முரளி சாரிடம் சொன்னேன். என் ஆயுசில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். நாகராஜ் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். முரளி சார் சிரிக்கவில்லை. மேலே யாரோ எனக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்பதிலேயே நின்றார். பெயரைச் சொன்னால் வேலை இருக்கும், சொல்லாவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். சொல்ல என்னிடம் பெயர் இல்லை. கடைசியில், சாயங்கால வண்டியில் என்னோடு வந்து அவரே பார்ப்பதாகச் சொன்னார். அவர் யார் என்று நான் சொல்லக் கூடாது.

வந்தார். இன் பண்ணின சட்டை, பளபளக்கிற ஷூ. தசரதன் நகர்ந்து இடம் கொடுத்தான். எங்கே வேலை என்று விசாரித்தான். என்னைக் காட்டி, ஏழுமலை வேலை பார்க்கும் இடம்தான் என்றார். பெட்டி நிமிர்ந்து உட்கார்ந்தது.

“புது டேப் எப்ப சார் வருது?” என்றான் தசரதன்.

“எனக்கு எதுவும் தெரியாதுங்க.”

அமைதியாகத்தான் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தசரதனின் அப்பா மைன்ஸ் கேட்டில் சோதனை போட்டவர். அவர் கையால் தேட மாட்டார் என்று சொல்வார்கள். டிபன் பாக்ஸா, ஷூவா, தொப்பியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முகத்தைப் பார்ப்பாராம். மகனும் அதையே செய்தான்.

“பொங்கலுக்கா சார்?”

“தெரியாதுங்க.”

“யுகாதிக்கு?”

“நிஜமாவே எனக்குத் தெரியாதுங்க.”

“அப்ப லீவு முடிஞ்சி ஸ்கூல் தெறக்கசொல்லோ.”

முரளி சார் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். மூடி கீழே விழுந்து உருண்டது. குனிந்து அதைத் தேடினார். கொஞ்சம் அதிக நேரமே தேடினார்.

தசரதன் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். “போட்டுக்கோ. ஸ்கூல் தெறக்கசொல்லோதான்” என்றான். லோகேஷ் கட்டை விரல் அதற்குள்ளேயே வேலை செய்துகொண்டிருந்தது.

முரளி சார் பங்காருபேட்டையில் இறங்கினார். திரும்ப பெங்களூரு வண்டி பிடிக்க வேண்டும். நானும் வாசல் வரை வந்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பிளாட்பாரத்தில் நின்று என்னைப் பார்த்தார்.

“நான் இந்த வண்டியில வந்தது…”

“யாரும் வரல சார்” என்றேன்.

6. கடைசியாக

லோடிங் பே ஆட்களுக்கும் அந்த வீடியோவுக்கும் சம்பந்தம் இல்லை, எல்லாம் ரயில் அரட்டை என்று முரளி சார் ரிப்போர்ட் கொடுத்துவிட்டதாக நாகராஜ் சொன்னார். “தப்பிச்சே குரு” என்று பெங்களூரு பாணியில் சொல்லி முதுகில் தட்டினார். இடுப்பு வரைக்கும் வலித்தது.

பள்ளிக்கூடம் திறக்கும் சமயம் டேப் வந்தது. பழையது மாதிரியே இருந்தது. எடை குறைவு. தகடு தங்கம் இல்லை. கலாவதி மகள் பரீட்சை பாஸாகிவிட்டாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வாயை மூடிக்கொண்டு இருந்தால் ரகசியம் வெளியே போகாது என்று ட்ரெயினிங்கில் சொல்லித் தருவார்கள். ரகசியம் தெரிந்தவனுக்கே அது உதவவில்லை, பார்த்தேன். தெரியாதவனுக்கு அது ஆபத்து. ஒன்றும் தெரியாதவன் ஓயாமல் பேச வேண்டும். மேலே இருக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், அவர்களை யாரும் சந்தேகப்படுவதில்லை.

அடுத்த டேப்பைப் பற்றி இப்போது பேச்சு ஆரம்பித்திருக்கிறது. நானும் ரயில் ஏறினதும் பேசுகிறேன். அதில் சோறு வடிக்கலாம், துணி தேய்க்கலாம் என்கிறேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்று பெட்டி முழுக்கத் தெரிந்துவிட்டது. வேலை இருக்கிறது.